நண்டு இல்லாத மக்ரோனி

ஞாயிறு, இரவு. தார்நாகா.

காய்ச்சலோடு போன வாசனையறிவு முழுவதும் திரும்பிவிட்டதாக என் மனைவி சாந்தி சென்ற வாரம் அறிவித்தாள். இனி மருத்துவரைப் பார்க்கத் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டாள். அந்த மகிழ்ச்சியில்தான் இன்று கடலுணவு மக்ரோனி செய்ய முனைந்தேன். நண்டும் இறாலும் போடுவதாகக் காலையில் அவளிடம் கூறியிருந்தேன். சந்தையில் நண்டு இல்லை. கணவாய் வாங்கினேன், அதை அவளிடம் சொல்லத் தோன்றவில்லை.

மற்றபடி செய்முறையிலிருந்து ஒரு வரிகூடப் பிசகவில்லை. மிளகாயும் பூண்டும் தைம் இலையும் கலந்த கேஜன் பொடியைத் தலைதட்டி அளந்தேன். மேலே சீஸ் பொன்னிறமானதும் ஓவனிலிருந்து எடுத்து அவள்முன் வைத்தேன்.

கண்ணை மூடி ஆழ்ந்து முகர்ந்தாள். "ஏங்க, நண்டு வாசம் தூக்குதே! மௌலா அலி மலை வரைக்கும் மணக்கும், போங்க."

தூத்துக்குடிக்காரி. மீன்காரர் கூடையைத் திறக்குமுன்பே, "இது நேத்து மீனுல்லா" என்று திருப்பி அனுப்பியவள்.

"ஆமாம், நல்ல நண்டு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் விளங்கவில்லை.

"மொகத்தை ஏன் இப்பிடி வச்சிருக்கீங்க? நல்லாத்தான் வந்திருக்கு. இன்னுங் கொஞ்சம் வைங்க."

இரண்டாம் முறையும் பரிமாறினேன்.

மருத்துவரிடம் வாங்கிய நேரத்தை நான் ரத்து செய்யவில்லை. அதை அவளிடம் சொல்வதற்குமுன், நண்டு இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். நாளை நான் அலுவலகம் போனபின் அவள் எரிவாயு அடுப்போடு தனியாக இருப்பாள். காலையிலேயே சொல்லிவிட வேண்டும்.

சிலிண்டர் வால்வை மூடிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். மூடியது நன்றாக நினைவிருக்கிறது. இருந்தாலும் இன்னொரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.