என் பேருக்கு ஒரு கொம்பு

4, திங்கள்

மொதல்ல ஒண்ணை ஒத்துக்கிறேன். பாப்பாவோட பென்சில் டப்பாவுல இருந்து ஒரு ஸ்டார் ஸ்டிக்கர் திருடி என் டெஸ்ட் பேப்பர்ல நானே ஒட்டிக்கினேன். மார்க்கு முப்பதுக்குப் பதினொண்ணு. ஸ்டார் ஒட்டினதும் பாக்கறதுக்குப் பதினஞ்சு மாதிரி இருந்தது. எனக்கு வயசு நாப்பத்திரண்டு.

காத்து எண்ணூர் கரண்ட் பேக்டரி பக்கமிருந்து. காயப்போட்ட துணியெல்லாம் சாம்பல். வூட்டுக்காரரோட வெள்ளைச் சட்டை இப்போ புள்ளிச் சட்டை. சொல்லல. பாத்தா பாத்துக்கட்டும்.

தினம் ஒரு பக்கம் எழுதணுமாம். சுமதி மிஸ் சொன்னது. இன்னா வேணா எழுதலாம், கை பழகும், யாரும் பாக்க மாட்டாங்க. யாரும் பாக்க மாட்டாங்கன்னு சொன்னாலே எனக்கு டவுட்டு. அதனால இந்த நோட்டுக்கு இடம் அரிசி டப்பா. அவரு அந்தப் பக்கம் போனதே கிடையாது.

சங்கதி இதுதான். அஞ்சாவதோட நின்னவ நான். சத்துணவுக் கூடத்துல நாலு வருசமா தற்காலிக ஆளு. காய் நறுக்கறது, அண்டா கழுவறது. அங்க சமையலர் போஸ்ட் காலி. எட்டாவது பாஸ் பண்ணா கேக்கலாம். தனியா எழுதற பரிச்சை 18ஆம் தேதி ஆரம்பம், காலையில பத்து மணி. போன வருசமும் ஹால் டிக்கெட் வந்துச்சி (இனிமே ஹா.டி., கை வலிக்குது). அன்னிக்கி விடியக்காலையில பாப்பாவுக்குக் காய்ச்சல், உடம்பு கொதிக்குது. போகல. ஹா.டி.யை மடிச்சி கட்டில் காலுக்கு அடியில வச்சேன். கட்டில் ஆடறது நின்னுது. இந்த வருசமும் விட்டா போஸ்ட்டு வேற யாருக்கோ.

டியூசன் திங்கள், புதன், வெள்ளி. காலடிப்பேட்டையில ஒரு மாடி. மொதல் பெஞ்சுல நான். கடைசி பெஞ்சுல என் ரெண்டு புள்ளைங்க. பாப்பா மூணாவது படிக்கறா, டோனிக்கு நாலு வயசு. கல்யாணம் ஆகி ஒம்போது வருசம் கழிச்சி வந்ததுங்க. அதனால எதுக்குமே அவசரம் கிடையாது, ஒண்ணுக்குப் போறதைத் தவிர.

இன்னிக்கி மிஸ் என் பேரைச் சுத்தி செகப்புல வட்டம் போட்டாங்க. நான் எழுதினது: பிலொமினா.

"பேர்லயே தப்பா? ஒத்தைக் கொம்பு போட்டிருக்கீங்க. அது லோ. ரெட்டைக் கொம்பு வரணும்."

"இவ்ளோ வருசமா ஒத்தைக் கொம்பை வச்சிக்கினுதான் மிஸ் எல்லாரையும் முட்டிக்கினு கீறேன்."

எல்லாரும் சிரிச்சாங்க. பாப்பா கை தட்டினா.

வூட்டுல அவரு: "படிக்கப் போனதும் கொம்பு மொளைச்சிடுச்சா ஒனக்கு?"

"இல்லய்யா. ஒண்ணு கொறையுதாம்."

சட்டையப் பாத்துட்டாரு.


5, செவ்வாய்

டிபன் டப்பா மூடி காணோம். டோனி மேல சந்தேகம். பாப்பா பையில தேடினா கையில வந்தது ஸ்கூல் டைரி.

இங்கிலீசு மீடியம். எனக்கு அதுல நம்பரும் கோடும்தான் தெரியும். பாப்பா விரல் வச்ச இடத்துல கையெழுத்து போடுவேன். நேத்துப் பக்கத்துல அவ கிளாஸ் மிஸ் நாலு வரி எழுதியிருந்தாங்க. நடுவுல 18. பக்கத்துல 10. அப்புறம் பென்சில்ல ஏதோ ரெண்டு வரி. எல்லாத்துக்கும் கீழ என் கையெழுத்து.

நான் போடல.

எப்படித் தெரியும்னா, ரெட்டைக் கொம்பு. என் பேர் சரியா இருந்தது. அப்போ அது நான் இல்ல.

பாப்பாவைக் கேட்டேன். "நீதாம்மா போட்ட. மறந்துட்ட."

மறதி உண்டுதான். பால அடுப்புல வச்சிட்டு மறப்பேன். அதுக்காக மறதியில ஒரு கொம்பு அதிகமா வருமா?

18, 10. என் பரிச்சை நாள், என் பரிச்சை நேரம். எவனோ எவளோ அன்னிக்கி நான் எங்கியோ வரேன்னு சொல்லி கையெழுத்து போட்டுக் குடுத்திருக்காங்க.

சந்தேகம்:
அவரு. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்ல மினி லாரி ஓட்டறாரு. நான் படிக்கிறதுல சந்தோசம்னு வாய்தான் சொல்லுது.
மல்லி, பக்கத்து வூடு. பன்னெண்டாவது பாஸ். அவ புள்ளையும் அதே ஸ்கூலு, ரெண்டு பேரையும் அவதான் கூட்டியாறா. பாப்பா பை தினம் ஒரு மணி நேரம் அவ வூட்டுல. ஞாயித்துக்கெழம கேட்டா: "அக்கா, அந்த சமையலர் போஸ்ட்டுக்கு யாரு வேணா எழுதிப் போடலாமா?" அன்னிக்கே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.
டோனி. நண்டு மட்டும்தான் வரைவான். விட்டுடலாம்.
பாப்பா. தமிழ்ல தடுமாற்றம். 'நாய்'க்குக் கால் போட மாட்டா. இவளா எனக்குக் கொம்பு போடப் போறா.

மூடி கெடச்சிது. டோனி அதுல மண்ணு வச்சி எறும்பு வளக்கறான்.


6, புதன்

டைரிய டியூசனுக்கு எடுத்துப் போய் சுமதி மிஸ்ஸைப் படிக்கச் சொல்லலாம்னு பாத்தேன். டைரி காணோம். "கிளாஸ் மிஸ் வாங்கி வச்சிக்கினாங்க" ன்னு பாப்பா. சொல்லும்போது என்னைப் பாக்கல, ஃபேனைப் பாத்தா.

அவளும் ஒண்ணு கேட்டா: "என் ஸ்டார் ஒண்ணு கொறையுது, யாரு எடுத்தது?"

நான் ஃபேனைப் பாத்தேன்.


7, வியாழன்

சிலிண்டர் தீந்துது. அவரைச் சோதிச்சாச்சி. சாப்பிடற நேரத்துல ஒரு பேப்பர், பேனா.

"என் பேர எழுதுய்யா."

"இன்னாத்துக்கு?"

"ஆசையா கீது. கல்யாணம் ஆன நாளா ஒரு லெட்டர் எழுதினியா நீ?"

வாயில சோத்தோட எழுதினாரு. 'பிலமீன'.

"இன்னாய்யா இது, மீன் பேரு மாதிரி?"

"ருசியா கீதுல்ல."

கொம்பே இல்ல. ஒத்தையும் இல்ல, ரெட்டையும் இல்ல. அவரு விடுதலை. பேப்பரை எடுத்து வச்சிருக்கேன், எதுக்குன்னு தெரியல.


9, சனி

கருவாட்டு வாசனைக்குப் பூனை. ஜன்னல் சாத்தி, புழுக்கம்.

மல்லிக்குப் பொறி வச்சேன். "மல்லி, இந்த கேஸ் புக்கு அட்டையில என் பேர எழுதிக் குடேன், உன் கையெழுத்து முத்து மாதிரி கீது." பல்லு தெரிய சிரிச்சிக்கினே எழுதினா.

ரெட்டைக் கொம்பு! சுழி சுழியா!

இன்னிக்கி நெத்திலி கொழம்பு. எப்பவும் அவளுக்கு ஒரு கிண்ணம் போகும். இன்னிக்கி போகல. வாசனை மட்டும் போச்சி, ஜன்னலைத் தொறந்து வுட்டேன். பூனையும் வந்துது.

அவர்கிட்ட சொன்னேன். அவரு: "இன்னாமே பேசற? படிச்சவன் எல்லாம் ரெட்டைக் கொம்புதான் போடுவான். ஊரையே போலீஸ்ல புடிச்சி குடுப்பியா?"

இரும்பு ஏத்தறவருக்கு இவ்ளோ யோசனை வருதுன்னா அதுவும் சந்தேகமா கீது.


10, ஞாயிறு

கோயில். பூசையில எல்லாரும் சமாதானம் சொல்லி கை குடுக்கற நேரம், மல்லியும் கை நீட்டினா. கை குடுத்தேன். லேசா.

பாப்பா பையைத் தலகாணி பண்ணிக்கினு படுக்கறா. பாத்ரூம் போனாலும் பை கூடப் போவுது. ஏன்?


11, திங்கள்

டியூசன். மத்தியானம் உப்புமா அடி புடிச்சி கையெல்லாம் கரி, கரியோட போனேன். டோனிக்கு அவசரம்னு பாப்பா அவனைக் கூட்டிக்கினு கீழ எறங்கினா. பை பெஞ்சு மேல. திருட்டு எனக்குப் பழக்கம்தான், ஸ்டார்லயே ஆரம்பிச்சாச்சி. கணக்கு நோட்டு அட்டைக்குள்ள சொருகியிருந்தது டைரி.

மிஸ் படிச்சாங்க. சிரிச்சாங்க. அப்புறம் சிரிக்கல.

"18ஆம் தேதி காலையில பத்து மணிக்கு அம்மாவோ அப்பாவோ ஸ்கூலுக்கு நேர்ல வரணும். வராதவங்க பிள்ளைங்க அன்னிக்கி கிளாசுக்கு வெளிய நிக்கணும்."

"பென்சில்ல கீதே, அது இன்னா மிஸ்?"

"'என் அம்மாவுக்குப் பரிச்சை. வர மாட்டாங்க. நான் வெளிய நிக்கறேன்.' கீழ உங்க கையெழுத்து."

என் அம்மான்னு எழுதி என் கையெழுத்து. எங்கம்மா செத்து இருவது வருசம் ஆச்சி. அவங்களுக்கு இன்னா பரிச்சைன்னு அவ கிளாஸ் மிஸ் யோசிச்சிருப்பாங்க.

மேல ஏறி வந்தா பாப்பா. டைரி என் கையில. டோனியை முன்னாடி நிறுத்தி பின்னாடி ஒளிஞ்சிக்கினா. அவன் சின்னவன், முழுசா மறைக்கல.

"ரெட்டைக் கொம்பு எங்க கத்துக்கின?"

"இங்கதான். மிஸ் உனக்குச் சொன்னாங்கல்ல."

"ஏன்டி செஞ்ச?"

"காட்டினா நீ பரிச்சைக்குப் போக மாட்ட. போன வருசமும் என்னாலதான் போகல."

"அப்பாவ கூப்பிடறது?"

"அப்பா வேணாம். போன வாட்டி மிஸ்கிட்ட 'எங்க பாப்பா எந்த கிளாஸ்'னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

"அதுக்கு வெளிய நிப்பியா?"

"வெளிய காத்து வரும்மா. உள்ள ஃபேனே ஓடல."

டோனி மூக்கைத் தொடச்சி விட்டேன். அவனுக்கு மூக்கு ஒழுகல.


12, செவ்வாய்

தண்டனை குடுக்கணும்ல. திருட்டுக் கையெழுத்து போட்டதுக்கு என் பேரை இருவது வாட்டி எழுதுன்னேன். "நீ ஸ்டார் திருடினதுக்கு நீயும் எழுது" ன்னா. எப்படித் தெரியும்? என் டெஸ்ட் பேப்பரைப் பாத்துட்டாளாம். ஒரு வாரமா சொல்லாம வச்சிருந்திருக்கா. என் புள்ளதான்.

தரையில குப்புறப் படுத்து ரெண்டு பேரும் எழுதினோம். பிலோமினா, பிலோமினா. எனக்கு கை ஒத்தைக்கே போவுது. அவ பென்சிலால என் விரல் முட்டியில ஒரு தட்டு. மறுபடி ரெட்டை. கடைசியில எது அவ எழுதினது, எது நான் எழுதினதுன்னு எங்களுக்கே தெரியல.


13, புதன்

வடிச்ச கஞ்சி ஒரு சொம்பு, நெத்திலி வறுவல் ஒரு கிண்ணம், மல்லி வூட்டு வாசல்ல நான்.

"இன்னாக்கா, சனிக்கெழம வாசன மட்டும் வந்துது. கொழம்பு இன்னிக்கிதான் வருதா?"

எல்லாம் சொன்னேன். இடுப்பைப் புடிச்சிக்கினு சிரிச்சா.

"நான் பன்னெண்டாவதுக்கா. அண்டா கெளற வருவேனா? என் ஓரகத்திக்காகக் கேட்டேன்."

திமிரு. ஆனா நிம்மதி.

கிண்ணத்தைத் திருப்பிக் குடுக்கும்போது உள்ள ரெண்டு நீல பேனா. "பரிச்சைக்கு." ஓரகத்தி சங்கதி மறுபடி ஞாபகம் வந்துது. பேனாவை எழுதிப் பாத்தேன். நல்லாதான் எழுதுது.


17, ஞாயிறு

நாளைக்கி.

ஹா.டி., பேனா 3 (மல்லி 2), தண்ணி பாட்டில், கைக்குட்டை. டோனி மல்லி வூட்டுல. பாப்பா உடம்பைத் தொட்டுப் பாத்தேன், ஆறு வாட்டி. ஜில்லுனு கீது. ஏழாவது வாட்டி கையத் தட்டி விட்டா.

அவருக்கு லீவு. ஸ்கூலுக்கு அவருதான். காலையில இருந்து வூட்டுக்குள்ள நடந்துக்கினு, "மூணாவது பி, மூணாவது பி." பாப்பா நடுவுல நடுவுல கேக்கறா: "எந்த கிளாஸ்?" ரெண்டு வாட்டி 'நாலாவது' ன்னாரு.

வெள்ளைச் சட்டை மறுபடி தோச்சி, வூட்டுக்குள்ளயே காயுது. எண்ணூர் காத்தை நம்ப மாட்டேன்.

கட்டில் மறுபடி ஆடுது. இந்த வருசத்து ஹா.டி.யை அவரு ஒரு மாதிரி பாத்தாரு. எடுத்து ஜாக்கெட்டுக்குள்ள வச்சிக்கினேன்.


18, திங்கள்

மொட்டை வெயில். காத்தே இல்ல.

அவரு சரியா மூணாவது பி-க்கே போனாராம். பாப்பா உள்ளதான் உக்காந்தாளாம். ஃபேன் ஓடலியாம்.

தமிழ்ப் பரிச்சை. பக்கத்து பெஞ்சுல மீசை மொளைக்காத பையன், என்னை டீச்சர்னு நெனச்சி எழுந்து நின்னான். உக்காருடான்னேன். கடிதம் எழுதற கேள்வி வந்துது, தோழிக்கு. மல்லிக்கு எழுதினேன். ஒன்றரைப் பக்கம். பாஸ் ஆயிடும்னு தோணுது, எதையும் நம்பறவ இல்ல நான், ஆனாலும் தோணுது.

அதுக்கு முன்னாடி ஹாலைப் பாத்துக்கற சார் கையெழுத்து வாங்க ஷீட்டு கொண்டு வந்தாரு. ரெட்டைக் கொம்பு போட்டு, சுழி சுழிச்சி, அழகா போட்டேன். சார் ஹா.டி.யைப் பாத்தாரு. ஷீட்டைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

"ஆமா சார்."

"ஹால் டிக்கெட்ல வேற மாதிரி இருக்கே."

"அது தப்பு சார். இதுதான் சரி."

"எனக்கு ரெண்டும் ஒண்ணா இருக்கணும். அதுல இருக்கற மாதிரியே போடுங்க."

தனியா ஒரு வெள்ளைத் தாள் குடுத்து எழுதிப் பாக்கச் சொன்னாரு. மொதல் வாட்டி ரெட்டைக் கொம்பு வந்துது. ரெண்டாவது வாட்டியும் ரெட்டைக் கொம்பு. சார் பக்கத்துலயே நின்னாரு. மூணாவது வாட்டிதான் தப்பு சரியா வந்துது.