படத்துக்குத் தைத்த சட்டைகள்

மார்ச் 3

வாலு, இன்றைக்கு உன் உடுப்பைத் தைக்க ஆரம்பித்திருக்கிறேன். உன்னுடையது என்றால் உன்னுடையது இல்லை, சினிமாவுக்கு. அறுபது சிப்பாய்ச் சட்டை, அறுபது கால்சட்டை. மூடிக்கிடந்த பள்ளிக்கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வகுப்பறையில் ஆறு மெஷின் போட்டிருக்கிறார்கள். என் மெஷின் கரும்பலகைக்குக் கீழே.

துணியைத் தொட்டதுமே எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. அப்போது டைரக்டர் வந்தார். காஸ்ட்யூம் மாஸ்டர் உன் விஷயத்தை அவரிடம் சொல்லியிருக்கிறார். சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் காலை மடக்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இந்தப் படத்தைப் பார்த்துட்டு ஒரு பையன்கூட பட்டாளத்துப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாதும்மா. அதுக்காகத்தான் எடுக்கறேன்.”

சரி, தைக்கிறேன் என்றேன். அவருக்காக இல்லை. உன் தம்பிக்கு ஆகஸ்டில் பதினெட்டு முடிகிறது. ராணுவத்தில் சேர மனு எழுதி, தேதி மட்டும் போடாமல் வைத்திருக்கிறான். பதினெட்டு ஆகிவிட்டால் என் கையெழுத்து வேண்டாமாம். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். படம் சொன்னாலாவது கேட்கிறானா பார்க்கலாம்.

மார்ச் 5

பன்னிரண்டு சட்டை முடிந்தது. முதுகு வலி.

மார்ச் 9

ராணுவத்தில் உனக்கு யாரும் அளவெடுக்கவில்லை. மூட்டையிலிருந்து எடுத்து வீசினார்கள், கையில் விழுந்ததைப் போட்டுக்கொண்டோம் என்று நீதான் சொன்னாய். விடுப்பில் வந்தபோது அந்தச் சட்டைக்குள் இன்னொருவன் குடியிருக்கலாம் போலிருந்தது. தோள் தையல் முழங்கைக்குப் பாதி வழியில் கிடந்தது. கழற்று, பிடித்துத் தருகிறேன் என்றேன். “கை வைக்காதேம்மா, அரசாங்கச் சொத்து. என்னையும் சேர்த்துத்தான்” என்று சிரித்தாய்.

அதனால் சினிமாச் சட்டைகளையும் அப்படியே பெரிதாக வெட்டினேன். மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “என்னக்கா, சிப்பாய்க்குத் தைக்கச் சொன்னா சோளக்கொல்லைப் பொம்மைக்குத் தைச்சு வச்சிருக்கீங்க?”

சிப்பாய்க்குத்தான் தைத்தேன் என்றேன்.

மார்ச் 12

ஹீரோ போட்டுப் பார்த்தான். கை விரல் வெளியே தெரியவில்லை. நல்ல பையன், இருபத்தைந்து இருக்கும், என்னை ஆன்ட்டி என்கிறான். லைட் போடுகிறவர்கள் சிரித்தார்கள். டைரக்டர் சிரிக்கவில்லை, இதுதான் நிஜம் என்றார். ஆனால் காமிராவில் பார்த்துவிட்டு வந்து வேறு மாதிரி சொன்னார். தியேட்டரில் சிரித்துவிடுவார்களாம். சிரிக்கக் கூடாத இடத்தில் ஒருதரம் சிரித்துவிட்டால் பிறகு படம் போச்சாம். கொஞ்சமே கொஞ்சம் பிடித்துக் கொடுங்கள் என்றார்.

இடுப்பில் இரண்டு விரல் பிடித்தேன். தோளைப் பிரித்து மேலே ஏற்றினேன். வாயில் குண்டூசியோடு அவனைச் சுற்றிச் சுற்றி வந்தேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் — எப்படி நின்றான் தெரியுமா. எனக்கே பெருமையாகிவிட்டது. முப்பது வருஷமாக ஒரே தொழில், கெடுத்துத் தைக்க இந்தக் கைக்கு வராது. மிச்சம் ஐம்பத்தொன்பதையும் அதே மாதிரி பிடிக்கச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. எதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன்?

ஏப்ரல் 2

இப்போது புதுச் சட்டையைப் பழசாக்கும் வேலை. தேயிலைத் தண்ணீரில் முக்கி எடுத்து, செங்கல்லால் தேய்க்க வேண்டும். குண்டு பட்ட இடத்துக்குக் கத்தரியால் ஓட்டை போட்டு ஓரத்தைக் கருக்க வேண்டும். ஹீரோவுக்கு இடது மார்பில்தான் வர வேண்டுமாம். வயிற்றில் வைத்தால் என்ன என்று கேட்டேன். வயிறு பார்க்க நன்றாயிருக்காது என்றார் மாஸ்டர்.

உன் மேல் குண்டே படவில்லை. தண்ணீர் லாரியின் பின்னால் உட்கார்ந்து போனாய், லாரி பள்ளத்தில் கவிழ்ந்தது. இது நீ போய்விட்டாய் என்று கடிதம் கொண்டுவந்த அதிகாரிக்கும் எனக்கும்தான் தெரியும். உன் தம்பிக்கு அப்போது பதினொன்று. சண்டையில் போய்விட்டான் என்று சொல்லிவைத்தேன். பள்ளிக்கூடத்தில் அவனை எழுப்பி நிறுத்திக் கைதட்டினார்களாம். வந்து சொன்னான்.

ஏப்ரல் 15

ஹீரோ சாகிற காட்சி. மேகம் விலகட்டும் என்று முக்கால் மணி நேரம் எல்லோரும் காத்திருந்தோம். அவன் சேற்றில் படுத்தபடியே பிஸ்கட் தின்றான். வெயில் வந்தது, செத்தான். மேக்கப் போடுகிற பெண் தேம்பித் தேம்பி அழுதாள். நான் காலர் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எப்படி இருந்தது என்று டைரக்டர் என்னிடம் வந்து கேட்டார். சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தேன்.

“அழுகை வருது சார். பயம் வரலை.”

அவர் கோபப்படவில்லை. “காமிரா எதைப் பார்த்தாலும் அழகாக்கிடுதும்மா. சேத்தைக் காட்டினா சேறும் அழகா இருக்கு. நானும் மல்லுக்கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றார்.

பாவம், நல்ல மனிதர். அவரைச் சொல்லி என்ன? தோளைப் பிடித்துக் கொடுத்தவள் நான்தானே.

மே 20

படத்து வேலை முடிந்து மறுபடி பள்ளிச் சீருடைகள் தைக்கிறேன். மனு இன்னும் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. தினமும் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 11

வேலை செய்தவர்களுக்கும் வீட்டாருக்கும் படம் போட்டுக் காட்டினார்கள். உன் தம்பியைக் கெஞ்சிக் கூட்டிப்போனேன். நீ பித்தான் தைச்சதைப் பார்க்க நான் வரணுமா என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

எல்லோரும் குன்றின் மேல் ஓடி ஏறுகிற இடத்தில் பின்னாலிருந்து ஒருவன் விசிலடித்தான். கடைசியில் சத்தமே இல்லை. உன் தம்பி அழுதான். சட்டைக் கையால் துடைத்துத் துடைத்து அழுதான். அழட்டும், நன்றாக அழட்டும், டைரக்டர் ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டான். “அண்ணனும் இப்படித்தானே இருந்திருப்பான்மா?”

இல்லை என்று வாய்வரைக்கும் வந்தது. ம் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த ஒரு நிமிஷம் எனக்கும் நீ அப்படி இருந்திருக்கணும் போல இருந்துச்சுடா. வெயில்ல, காலர் மடங்காம. லாரிக்கு அடியில இல்லாம.

ஆகஸ்ட் 19

மனுவில் தேதி போட்டுவிட்டான்.

ஆகஸ்ட் 20

இன்று அவனை எதிரே உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். லாரி, பள்ளம், டிரைவர் கண் அசந்தது. உன் காலில் புண் ஆறாமலே இருந்தது. உனக்கு வயிற்றுப்போக்கு வந்து நாலு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. உன் மூன்று கடிதத்தையும் எடுத்துக் கொடுத்தேன். மூன்றிலும் காலுறை அனுப்பு, காலுறை அனுப்பு, வேறொன்றும் பெரிதாக இல்லை. இதற்கு வெளிச்சம் வேண்டாம், மேகம் விலக வேண்டாம், கேட்டாலே போதும் என்று நம்பினேன்.

ஏழு வருஷப் பொய்க்குத் திட்டுவான் என்று இருந்தேன். திட்டவில்லை. இரண்டு தரம் படித்தான். மடிப்பு மாறாமல் மடித்தான்.

“இவ்வளவு கஷ்டத்துலயும் அங்கேயே இருந்திருக்கான். ஓடி வரலியேம்மா.”

சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். தியேட்டரில்கூட அதில் அந்தப் பெருமை இல்லை. சேறும் அழகாகிவிடுகிறது என்று டைரக்டர் சொன்னாரே, அதைக் காமிராவின் கோளாறு என்றல்லவா நான் நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 6

காலை ஆறரை பஸ்ஸில் போனான். ஏறுவதற்கு முன் என் நெற்றியில் முத்தம் கொடுத்தான், அது அவன் வழக்கமில்லை. சிங்கத்தைப் பெற்றிருக்கிறாய் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. முதல் சிங்கம் போனபோதும் இதையேதான் சொன்னாள்.

உன் கடிதங்களைக் காணோம். எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

ஓடி வரவில்லையே என்றானே. வரவில்லைதான். ஏன் வரவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? தைரியமோ, பயமோ, பிடித்து அடைத்துவிடுவார்களோ என்றோ. கடிதத்தை மேலதிகாரிகள் பிரித்துப் படிப்பார்கள் என்று நீ எழுதாமலும் விட்டிருக்கலாம். வீட்டுக்கு வரணும் என்று ஒரு வரி இருந்திருந்தால் அவன் முன்னால் நீட்டியிருப்பேன்.

ஒரே ஒரு நாளாவது, எல்லாத்தையும் போட்டுட்டு வீட்டுக்கு ஓடி வந்துடலாம்னு உனக்குத் தோணிச்சா, வாலு?