மூடிக்குள் மூன்று மணி நேரம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், நீயும் அங்கே சுகமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் போன் பண்ணியிருப்பாயே. போனில் சொன்னால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்பாய், அதனால்தான் கடிதம். உன் மீட்டிங் முடியும்வரை இது பொறுமையாகக் காத்திருக்கும், என்னை மாதிரி.

சேதி இதுதான். என் ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறதாம். மாத்திரை தொடங்குவதற்கு முன்னால், சாப்பிட்ட சர்க்கரையை என் உடம்பு எரிக்கிறதா பதுக்கி வைக்கிறதா என்று அளந்து பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். இந்த வீட்டில் எதையும் பதுக்குகிற ஆள் உன் அப்பா, சோதனை மட்டும் எனக்கு. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பட்டினி. காலையில் கட்டிலில் படுக்கவைத்து, மிச்சமான கேக்கை மூடி வைப்போமே, அந்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடியைத் தலைக்கு மேல் கவிழ்த்தார்கள். அதிலிருந்து ஒரு குழாய் மெஷினுக்குப் போகிறது. நான் இழுக்கிற மூச்சையும் விடுகிற மூச்சையும் வைத்து உள்ளே எவ்வளவு சர்க்கரை எரிகிறது என்று அது கணக்குப் போடுமாம். ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் அசையக்கூடாது, பேசக்கூடாது, தூங்கவும் கூடாது. எதையும் நெனச்சுக் கவலைப்படாதீங்கம்மா என்றாள் மெஷினைப் பார்த்துக்கொள்கிற பெண், சொல்வதற்கென்ன. ஆனால் உள்ளதைச் சொன்னால் சுகமாகத்தான் இருந்தது, மூன்று மணி நேரம் யாரும் என் மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற உன் அப்பா வெளியே பெஞ்சில் என் கைப்பைக்குக் காவல் இருந்தார், சோதனை முடிந்து நான் சாப்பிட வைத்திருந்த பிஸ்கட்டையும் முடித்துவிட்டார்.

இரண்டு மணி நேரம் மெஷின் திரையில் என் மூச்சின் கோடு சமர்த்தாகப் போயிற்று, உங்கள மாதிரி யாரும் படுத்ததில்லம்மா என்று அந்தப் பெண்ணே மெச்சினாள். அப்போதுதான் வெளியே கைப்பைக்குள் போன் அடித்தது. உனக்கென்று தனியாக ஒரு மணிச்சத்தம் வைத்துக் கொடுத்தாயே, அது. இருபத்திரண்டு நாளாக வாயே திறக்காதது. நான் அசையவில்லை, சத்தியமாக ஒரு விரல்கூட இல்லை, மூச்சுதான் என் பேச்சைக் கேட்கவில்லை. கோடு எம்பிக் குதித்தது. என்னம்மா, படுத்துக்கிட்டே மாடிப்படி ஏறினீங்களா என்று அவள் ஓடிவந்தாள். உன் அப்பா பையைக் கவிழ்த்துக் கொட்டி, போனைத் தேடி எடுத்து, எதை அமுக்குவது என்று யோசித்து முடிப்பதற்குள் அது ஓய்ந்துவிட்டது. சோதனை செல்லாது என்று எழுதிவிட்டார்கள். மூடியை எடுத்ததும் முதல் வேலையாகப் போனைப் பார்த்தேன். கை பட்டுடுச்சும்மா, ஒண்ணுமில்ல என்று உன் மெசேஜ். ரொம்ப நன்றி, கண்ணா. கை பட்டதற்கே இவ்வளவு சர்க்கரை எரிகிறதென்றால், நீ பேசியே இருந்தால் மாத்திரையே தேவைப்பட்டிருக்காது. யாரும்மா போன்ல என்று அந்தப் பெண் கேட்டாள், ராங் நம்பர் என்று சொல்லிவிட்டேன். திரும்பும்போது பஸ்ஸில் கொஞ்சம் அழுதேன், பசியில் அப்படித்தான் வரும் என்று உன் அப்பா கண்டுபிடித்திருக்கிறார். கேலியாக எழுதினாலும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, என் அக்காவின் காலில் இரண்டு விரலை எடுத்ததும் இந்தச் சர்க்கரைதானே. நீயும் காலையில் வெறும் காபியோடு ஓடாதே, உட்கார்ந்து சாப்பிடு.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த மாதம் இருபதாம் தேதி, இங்கே காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மறுபடியும் சோதனை. அந்த மூன்று மணி நேரம் போனை உன் கைக்கு எட்டாத இடத்தில் வை. மற்ற நேரத்தில் என் தலைக்கு மேல் எந்த மூடியும் இருக்காது, கை தவறிப் பட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ராங் நம்பரின் அம்மா