மருதாணித் தொப்பி

ஜூன் 11, செவ்வாய்

சின்னவள் செல்வியை இன்று பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். விரல் நுனிகளில் வெள்ளை விழுகிறது, சின்ன வயதிலேயே காட்டிவிடுங்கள் என்று தாராவி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து நாலு மாதம் ஆகிறது. அது அரிசி டப்பாவுக்குள் கிடந்தது. அப்போது மூத்தவளைப் பெண் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்களும் ஒன்றும் சொல்லாமலே போய்விட்டார்கள், அது வேறு கதை.

பஸ்ஸில் நாவல்பழக்காரி ஒருத்தி பிள்ளைக்கு இரண்டு பழம் கொடுத்தாள். மெஹந்தி ஜோராகச் சிவந்திருக்கிறது என்று கையைப் பிடித்துப் பார்த்தாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

டாக்டரம்மா விரல்களை விளக்கடியில் விரித்தார். பத்து நுனியையும் மூடி மருதாணித் தொப்பி. வெள்ளை எதுவரை பரவியிருக்கிறது என்று இதில் எப்படிப் பார்ப்பது என்று இந்தியில் கேட்டார். நிறம் போனபிறகு அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும், "ஏட்டி, இன்னைக்குன்னு பாத்து எதுக்கு வச்ச?" என்றேன்.

"வெளுத்தா ஒடனே வச்சிரணும்னு நீதானம்மா சொன்ன."

நான்தான் சொன்னேன்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. படுக்கும்போது கேட்டாள்: "ஒரு மாசம் மருதாணி கெடையாதுன்னா, கிளாஸ்ல கைய எங்கம்மா ஒளிக்க?"

ஏட்டி, கைய மூடிக்கிட்டு இரு என்று வாய்வரை வந்தது. நான் சொல்லாமலே இரண்டு கையையும் இறுக்கி மூடிக்கொண்டு தூங்குகிறாள்.