வாழைக்கறை படிந்த டிஸ்க்

தம்பி,

இன்று காலை வாழைக்காய் நறுக்கினேன். எண்ணெய் தடவ மறந்து விரலெல்லாம் கறை. கழுவப் போனவள் கழுவாமல் உன் ஸ்டுடியோ அறைக்குள் வந்து நிற்கிறேன். மேசையில் உன் ஹார்ட் டிஸ்க் ஒன்று தனியாகக் கிடக்கிறது. அதன் முகப்பிலும் இதே கறை, என் பெருவிரல் அளவுக்கு. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளச் சொல்கிறது, எழுந்தால் உட்காரச் சொல்கிறது மனசு. நின்றபடியே எழுதுகிறேன்.

அந்தக் கறை விழுந்த நாளை நீ மறந்திருப்பாய். அசன விருந்துக்கு முந்தின நாள் அது. மறுநாள் சபையே உட்கார்ந்து சாப்பிட வேண்டிய சாம்பாருக்கு வாழைக்காய் நறுக்கிவிட்டு, நாலு பெண்களோடு தண்ணீர் குடிக்க உள்ளே வந்தேன். நீ படங்களைச் சேர்த்து வைக்கிற, நாலு டிஸ்க் சொருகிய பெட்டியில் மூன்று விளக்கு பச்சை, ஒன்று சிவப்பு.

"லே, இதுல ஒண்ணு செவப்பா எரியுதே" என்று தொட்டுக் காட்டினேன்.

"கறைக் கைய எடுக்கா! தெரியாத சாமானத் தொடாதேன்னு எத்தன மட்டம் சொல்லதுக்கு? ஒண்ணு போனா மத்த மூணும் தாங்கிக்கிடும். நீ போயி காயப் பாரு."

நாலு பேரும் சிரித்தார்கள். அதில் ஒருத்தியோடு இன்றுவரை எனக்குப் பேச்சு கிடையாது. உன்னோடும் ஒரு மாதம் பேசவில்லை. நீ அந்த டிஸ்கை மாற்றவும் இல்லை.

அதைவிடப் பழைய கோபம் ஒன்று உண்டு. என் மகள் ஜெனியின் கல்யாணத்தை நீதான் வீடியோ எடுத்தாய். தாய்மாமன் எடுக்கிற படம் என்று யாரும் அவசரப்படுத்தவில்லை. அடுத்த வருஷமே ஜெனி பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுப் பிரசவத்தில் போய்விட்டாள். பேத்தி ஷைனிக்கு அம்மா என்றால் சுவரில் மாட்டிய போட்டோதான். அவள் நடந்து பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உன்னிடம் படத்தைக் கேட்பேன். "இன்னும் கட்டிங் முடியலக்கா" என்பாய். எவனாவது ஒரு படத்தைப் பத்து வருஷத்துக்கு மேல் வெட்டுவானா? வெட்டி முடிக்காமலே நீயும் போய்ச் சேர்ந்தாய். அலமாரியைத் திறந்தால் நீ எடுத்த கல்யாணக் கேஸட்டெல்லாம் பூஞ்சை. படம் இருந்தால் அந்த டிஸ்க் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும்.

போன கிறிஸ்துமஸுக்கு முன் வெள்ளையடித்தோம். உன் மகள் கிரேஸ் தூசி தட்டுகிறேன் என்று நாலு டிஸ்கையும் உருவிக் கூடையில் போட்டாள். பிறகு கைக்கு வந்த வரிசையில் சொருகினாள். சுவிட்சைப் போட்டால் இரண்டு சிவப்பு. ஒன்று போனால் தாங்கும். இரண்டு போனால் பெட்டி திறக்காதாம். திரையில் ஏதோ கேட்டது, அவள் அமுக்கினாள்.

"ஏட்டி, என்னத்த அமுக்குன?"

"புதுசா உருவாக்கவான்னு கேட்டுச்சு அத்தே, ஆமான்னேன்."

"வீட்ட இடிச்சிட்டுப் புதுசாக் கட்டவான்னு கேட்டாலும் ஆமாம்பியா?" என்று பிளக்கைப் பிடுங்கினேன்.

வண்ணார்பேட்டையிலிருந்து டிஸ்க் பழுது பார்க்கிற செல்வின் வந்தார். நிதானமான மனுஷன். "இனி இந்த நாலுலயும் ஒரு எழுத்துகூட எழுதக்கூடாது பெரியம்மா" என்றார். ஒவ்வொன்றையும் புது டிஸ்கில் நகல் எடுத்து, நகலில் மட்டும் கை வைத்தார். மூன்று ஒழுங்காக நகலாயின. ஒன்று மட்டும் இரண்டு நாள் நொண்டி நொண்டி ஓடியது. எது எப்போது பழுதானது என்று டிஸ்க் தலைப்பில் குறிப்பு இருக்குமாம். கிரேஸ் அமுக்கியதில் அது போய்விட்டது, உள்ளே இருந்த படங்கள் போகவில்லை. நாலில் மூன்று இருந்தால் போதும் என்று நொண்டியை ஒதுக்கிவிட்டு, மற்ற மூன்றையும் வரிசை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஒரு வரிசையில் பழைய கல்யாணங்கள் எல்லாம் ஒழுங்காக ஓடின. ஜெனி பெயரில் இருந்தது மட்டும் சதுரம் சதுரமாகச் சிதறியது.

"இது மட்டும் அழிஞ்சிட்டு பெரியம்மா. மத்தத எடுத்துத் தந்திருதேன்."

கருப்பட்டிக் காப்பியை அவர் பக்கத்தில் வைக்கக் குனிந்தேன். அப்போதுதான் அவர் சேர்த்த மூன்றின் அசல் டிஸ்குகளில் ஒன்றில் அந்தக் கறையைப் பார்த்தேன்.

"ஏய்யா, இதையா சேர்த்திருக்கீரு? மொதல்ல செவந்தது இதுல்லா!"

"இது சுத்தமாப் படியுதே. எப்பிடிச் சொல்லுதீய?"

பெருவிரலைக் கறைமேல் வைத்துக் காட்டினேன். நீ திட்டியதையும், நாலு பேர் சிரித்ததையும், எவள் முதலில் சிரித்தாள் என்பதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அப்படின்னா இது அன்னைக்கே நின்னுபோனது. அதுக்குப் பொறவு எழுதுனது ஒண்ணும் இதுல இருக்காது. பழசும் புதுசும் கலந்துதான் படம் சிதறுது" என்றார். கறை டிஸ்கின் நகலை விலக்கிவிட்டு, நொண்டியின் நகலைப் போட்டார்.

ஜெனி நடந்து வந்தாள்.

ஷைனி முதலில் சொன்னது, "ஆச்சி, அம்மா குரல் இவ்ளோ கட்டையா?" பிறகு திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஜெனியின் கல்யாணக் கேஸட்டுகளை நீ பெட்டிக்குள் ஏற்றத் தொடங்கிய நாளைச் செல்வின் பார்த்துச் சொன்னார். அசனத்துக்கு முந்தின நாள் மத்தியானம். நாங்கள் சிரித்துக்கொண்டு உள்ளே வந்த நேரத்தில் நீ அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாயா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, படுபாவி.

நீ ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம்வரை வெட்டியிருக்கிறாய். நீ வெட்டியதெல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படும்போது ஜெனி கேமராவின் கிட்டே வந்து, "மாமா, படத்துல நீங்க மட்டும் இல்ல. அத வச்சிட்டு வாங்க" என்கிறாள். கேமரா நாற்காலியில் சாய்கிறது. அதன் பிறகு சேலைக் கரையும், உன் செருப்பும், யாரோ விசும்பும் சத்தமும். எந்தக் கல்யாண வீடியோவிலும் வெட்டி எறிகிற இடம். உன்னால் வெட்டவும் முடியவில்லை, தாண்டவும் முடியவில்லை.

கறை டிஸ்கை எறிந்துவிடலாம் என்கிறாள் கிரேஸ். விடமாட்டேன். மன்னித்துவிட்டீர்களா என்று வேறு கேட்கிறாள். அன்றைக்கே மன்னித்திருந்தால் அந்த நாளையும் மறந்திருப்பேன். ஜெனி சதுரம் சதுரமாகவே போயிருப்பாள். அதனால் அந்தக் கோபத்தை நான் இறக்கி வைக்கப்போவதில்லை, லே. உன் செருப்பு தெரிகிற அந்த இடத்தையும் யாரையும் வெட்டவிடவில்லை.

அக்கா