கதவைத் திறந்து வைத்து மாட்டு

அன்புள்ள பாப்புவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் நடமாட்டத்தோடு நன்றாகவே இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்ற ஒரே பதிலைத்தான் வைத்திருப்பாய், அதனால் அதைக் கேட்கவில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, படுத்தால் தூக்கம் வருகிறதா, இந்த இரண்டுக்கும் உண்மையான பதில் சொல். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போனில் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லிக்கொண்டே துணி மடிப்பாய், பொட்டலத்தோடு காகிதமும் வந்தால் உட்கார்ந்து படித்துத்தானே ஆகவேண்டும்.

பொட்டலத்தில் இருப்பது உன் வாசல் கதவுக்குப் புதுப் பூட்டுச் சிலிண்டர், சாவி நுழைகிற அந்த உருளை. ஒரு வேலையாக என்று சொல்லி உன்னை அளந்து சொல்லச் சொன்னேனே, அந்த வேலை இதுதான். போன வாரம் பேச்சோடு பேச்சாகச் சொன்னாய், நீ ஆபீசில் இருந்தபோது அவர் தன்னிடமிருக்கும் சாவியால் திறந்து உள்ளே வந்து சட்டைகளை எடுத்துப் போனாராம், காபி போட்டுக் குடித்துவிட்டுக் கப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாராம், நீ சிரித்தாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரிந்து தனியாகப் போனவருக்கு அந்த வீட்டு அடுப்படியில் என்ன வேலை? சாவியைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்கிறாய். கேள், மறுபேச்சில்லாமல் தருவார், அதற்கு முன்னால் எத்தனை நகல் போட்டு வைத்தார் என்று உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? மாற்றினால் மனசு கஷ்டப்படுவார் என்றும் சொன்னாய். படட்டும். குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு, அவர் வெளியே கதவை இடித்துக்கொண்டிருந்தபோது எனக்குப் போன் செய்தாயே, அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது பாப்பு, அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உனக்குச் சொல்வதற்கு முன்னால் நம் வீட்டுக் கதவில் செய்து பார்த்தேன். கம்பெனி வேலையாக இந்தப் பக்கம் வரும்போது தங்கிக்கொள்ளட்டும் என்று நம் வீட்டுச் சாவியும் ஒன்று மாப்பிள்ளையிடம் கொடுத்திருந்தோம் இல்லையா. (அவரை இனி என்னவென்று எழுதுவது என்று தெரியவில்லை, கை பழக்கத்தில் மாப்பிள்ளை என்றே வருகிறது.) பூட்டுக் கடையில் கேட்டுக்கொண்டு வந்து நானே கழற்றி நானே மாட்டினேன், பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை அந்தப் பெருமை. நான் தையல் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் வந்திருக்கிறார், பழைய சாவி திரும்பவில்லை, மணியடித்திருக்கிறார். உன் அப்பாதான் தெரியுமே, வாசலில் விற்க வருகிறவரிடம்கூட வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் இரண்டு துடைப்பம் வாங்குகிற மனுஷர். மாப்பிள்ளை நிற்பதைப் பார்த்ததும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, பூட்டு பழசாயிடுச்சு மாப்பிள்ளை, அதான் மாத்தினோம் என்று சொல்லி, ஆணியில் தொங்கிய புதுச் சாவியில் ஒன்றை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். யாருக்காகப் பூட்டை மாற்றினோமோ அவருக்கே சாவி. சோறும் போட்டு அனுப்பியிருக்கிறார்.

வந்ததும் எனக்கு வந்த கோபத்தில் அப்பாவை ஒரு பிடி பிடித்துவிட்டேன். வாசல்ல வந்து நிக்கிறவர்கிட்ட எப்படிம்மா முடியாதுன்னு சொல்றது, முகத்தை எங்க வச்சுக்கறது என்றார். அப்போதுதான் குளியலறையிலிருந்து நீ செய்த அந்தப் போன் விஷயத்தை அவரிடம் சொன்னேன். அப்பாகிட்ட சொல்லாதே என்று நீ சொல்லியிருந்தாய், சொல்லிவிட்டேன், என் மேல் கோபப்பட்டுக்கொள். தட்டில் போட்டது போட்டபடி அவர் எழுந்துவிட்டார். மறுநாள் கடை திறக்கும் நேரத்துக்கே போய் இரண்டு சிலிண்டர் வாங்கி வந்தார், ஒன்று நமக்கு, ஒன்று உனக்கு. நம்முடையதை என்னைத் தொடவிடாமல் அவரே மாட்டினார். அதிலும் ஒரு கூத்து, வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சாவியைத் திருப்பினால் திரும்பவில்லை, ஸ்க்ரூவைப் பிழிந்து எடுத்திருக்கிறார், பனியனோடு வாசலில் நின்று என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில் எதிர்வீட்டு ஜன்னலெல்லாம் திறந்துகொண்டது, நான் உள்ளேயிருந்து கைப்பிடியை அழுத்தித் திறந்துவிட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், கதவைத் திறந்து வைத்துக்கொண்டே மாட்டு, கடைசி வரைக்கும் சாத்தாதே. கதவின் ஓரத்து இரும்புப் பட்டையில், சாவித் துவாரத்துக்கு நேராக ஒரு நீள ஸ்க்ரூ இருக்கும், சிலிண்டரைப் பிடித்து வைத்திருப்பது அதுதான், அதை முழுக்கக் கழற்று. அதைக் கழற்றாமல் நான் இழு இழு என்று இழுத்துக் கை சிவந்ததுதான் மிச்சம். பிறகு பழைய சாவியைச் சொருகி லேசாக, கடிகார முள் ஒரு கோடு இரண்டு கோடு நகர்கிற அளவு திருப்பு, நடுவில் இருக்கிற சின்ன நாக்கு உள்ளே ஒடுங்கினால் சிலிண்டர் சொன்ன பேச்சு கேட்டு வெளியே வரும், ஒடுங்காவிட்டால் மறுபக்கம் திருப்பிப் பார், முரட்டுத்தனம் வேண்டாம். புதியதையும் அப்படியே நாக்கை ஒடுக்கி உள்ளே தள்ளு, நீ அளந்து சொன்னபடி நீளப் பக்கம் உள்ளே, குட்டைப் பக்கம் வெளியே. மாற்றிப் போட்டால் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், துருத்துவதைக் குறட்டால் பிடித்து முறித்துவிடலாம் என்று கடைக்காரர் சொன்னார். ஸ்க்ரூவைத் திரும்ப முடுக்கி, அது நின்றதும் விட்டுவிடு, உன் அப்பா மாதிரி மல்லுக்கட்டாதே. திறந்த கதவிலேயே உள்ளேயும் வெளியேயும் நாலைந்து முறை சாவியைத் திருப்பிப் பார், வழுக்கிக்கொண்டு போனால் சரி, அப்புறம் சாத்து. உன் வீட்டுக்காரம்மாவிடம் நானே பேசிவிட்டேன், தாராளமா மாத்திக்கட்டும், வாடகைக்கு இருக்கறது அவ பேர்லதானே, காலி பண்றப்ப பழசை மாட்டிக் குடுத்தா போதும் என்றார், அதனால் பழையதைத் தூக்கிப் போடாதே. உன்னைக் கேட்காமல் பேசியது அதிகப்பிரசங்கித்தனம்தான். சனிக்கிழமை வரை தள்ளிப்போடாதே, இது கைக்கு வந்த அன்றைக்கே மாட்டிவிடு.

சாவி மூன்றும் பொட்டலத்துக்குள்ளேயே இருக்கின்றன, எண்ணிப் பார்த்துக்கொள். ஆபத்து அவசரத்துக்கு ஒன்றை இங்கே வைத்துக்கொள்ளலாம் என்று நான் எடுத்து ஆணியில் மாட்டியிருந்தேன். அப்பா அதைக் கழற்றிப் பொட்டலத்துக்குள் போட்டுவிட்டார். இங்க இருக்கவேண்டாம், யாராவது வந்து கேட்டா நான் குடுத்துடுவேன் என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பொட்டலத்தைத்தான் ஒட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் வந்தால் மணியடிக்கிறோம், யாரென்று பார்த்துவிட்டுத் திற.

பயமில்லாமல் படுத்து, விடிந்தபின் எழுந்திரு, உனக்கு ஒரு குறையும் வராது. மாட்டி முடித்ததும் போன் செய், எனக்கில்லை, அப்பாவுக்கு.

இப்படிக்கு,
உன் அம்மா