கடை நிமிர்ந்துவிட்டது

லெப்பைக்குடிக்காடு
18-11-1984

என் கண்ணான மகன் நிஜாமுதீனுக்கு அம்மா பாத்திமா பீவி எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அத்தாவும் தங்கச்சி ஷரீபாவும் இங்கே சுகம். கடல் தாண்டி இருக்கும் உன் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். இங்கே அடைமழை, வெள்ளாற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடுகிறது. நீ இருந்தால் இந்நேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெள்ளம் பார்க்கப் போயிருப்பாய், நான் பயந்துகொண்டு வாசலில் நின்றிருப்பேன். இப்போது யாருக்காகப் பயந்து நிற்பேன்?

நம் பெரம்பலூர் ஜவுளிக் கடையைப் பற்றி உனக்கு இதுவரை முழுதாக எழுதவில்லை. நிலைக்குமோ நிலைக்காதோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். கடை நொடித்துப்போனதால்தானே உன்னைத் துபாய்க்கு அனுப்பினோம். நீ அனுப்பிய பணத்தில் சரக்கு வந்தது, ஆனால் வாங்க ஆள் வரவில்லை. எதிரே புதுக்கடை வந்ததுதான் காரணம் என்று உன் அத்தா சொன்னார், நானும் நம்பினேன். இந்த வருஷம் மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை கண் காட்டப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போனவள், உன் அத்தா ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம் கடையில் உட்கார்ந்திருந்தேன். சிறுவாச்சூர்க் கோயில் நடை திறக்கிற நாள் என்பதால் ரோட்டில் நல்ல கூட்டம், நம் கடைப் படியில்தான் ஒருவரும் ஏறவில்லை. அந்தச் சமயம் சிறுவாச்சூர் அம்சவள்ளி எதிர்க் கடைக்குப் போகிறாள். உனக்கு நினைவிருக்கும், வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் நம்மிடமே துணி எடுத்தவள். கூப்பிட்டு, ஏம்மா இந்தப் பக்கமே வருவதில்லை என்று கேட்டேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள், "கோவிச்சுக்காதீங்கம்மா, உங்க வூட்டுக்காரரு ஒரு பொடவையக்கூட பிரிச்சுக் காட்ட மாட்டேங்குறாரு. வெலையச் சொல்லிட்டு ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்காரு. நெஜாமு தம்பி இருந்தா அலமாரி மொத்தத்தையும் எறக்கிப் போட்டுடும், நாங்களும் மனசு நெறஞ்சு எடுத்துட்டுப் போவோம்." அவளை உட்காரவைத்து, கைக்கு எட்டிய புடவையெல்லாம் நானே இறக்கிப் பிரித்துப் போட்டேன். மகள் வளைகாப்புக்கு என்று மூன்று புடவை எடுத்துக்கொண்டு போனாள்.

உன் அத்தா திரும்பி வந்து, கடை முழுக்கப் புடவை விரிந்து கிடப்பதைப் பார்த்ததும் சத்தம் போட்டார். பிரிச்சுக் காட்டாம யாருங்க வாங்குவா என்று நானும் விடவில்லை. அவர், "பிரிச்சுப் போட்டா மடிச்சு வைக்க அவன் எங்க இருக்கான்" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. இத்தனை நாள் அவர் ரோட்டில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீங்க பிரிங்க, நான் மடிக்கிறேன் என்றேன். மறுநாள் காலை பஸ்ஸில் அவருடனே ஏறிவிட்டேன். துப்பட்டி போட்டுக்கொண்டு ஒரு பொம்பளை கடைக்குப் போவதா என்று தெருவில் நாலு பேர் பேசினார்கள், உன் பெரியத்தா நம் வீட்டுக்கே வந்து கேட்டார். உன் அத்தாதான், "அவ வரலைன்னா கடையப் பூட்ட வேண்டியதுதான், பூட்டச் சொல்றீங்களா" என்று கேட்டு அனுப்பினார். பின்பக்கம் திரை கட்டிப் பெண்கள் உட்கார இடம் செய்தோம். ஷரீபா தையல் மிஷினை அங்கே போட்டு, எடுத்த துணிக்கு அங்கேயே அளவெடுத்து ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். நடவுக்கும் களையெடுக்கவும் போகிற பெண்பிள்ளைகள் நம் கடையில் கூச்சமில்லாமல் உட்காருகிறார்கள். வைகாசியில் பள்ளிக்கூட யூனிபாரம் தைக்க ஆரம்பித்ததில் இன்னும் இரண்டு மிஷின் போட வேண்டியதாகிவிட்டது. இந்தத் தீபாவளிக்கு உன் அத்தா சாப்பிட எழுந்திருக்கவில்லை, அவ்வளவு வியாபாரம். செலவெல்லாம் போகக் கையில் நிற்கிறது தம்பி. ஆடிக்குப் பிறகு நீ அனுப்பியதில் ஒன்றையும் தொடாமல் பாங்கியில் உன் பேரில் போட்டிருக்கிறோம்.

போன வாரம் வந்த கடிதத்தில், இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், கடைக்காகப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். உன் அத்தாவும் அதைப் படித்தார். ஆனாலும் நேற்றுக் கடைக்கு வந்தவர்களிடம், "பையன் தையில வந்துருவான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஊர் உனக்குப் பிடித்துப்போயிருந்தால் இரு ராஜா, பெற்றவள் தடுக்க மாட்டேன். முன்னுக்கு வர வேண்டும் என்று நினைத்தாலும் இரு. ஆனால் கடைக்காக என்று மட்டும் எழுதாதே, கடைக்கு இப்போது உன் பணம் வேண்டாம்.

வெயிலில் வேலை செய்துவிட்டு வந்து உடனே குளிக்காதே. வெறும் ரொட்டியைத் தின்று படுக்காதே, அங்கே வரும் காதர் மொய்தீன் மகன் கையில் கருவாட்டுப் பொடி கொடுத்தனுப்புகிறேன். தொழுகையை விடாதே. உனக்கு நீண்ட ஹயாத்தையும் சம்பாத்தியத்தில் பர்க்கத்தையும் அல்லாஹ் தருவானாக. இதற்கு மட்டும் பதிலைத் தள்ளிப்போடாமல், உன் மனசில் இருப்பதை உள்ளபடி எழுது. வருவதாக இருந்தால் தேதியை அத்தாவுக்குத் தனியாக எழுது, அவர் கையால் பிரித்துப் படிக்கட்டும்.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும் அம்மா,
கா. பாத்திமா பீவி